புளிப்பா, கசப்பா, மண்வாடையா? காபிக் கொட்டையின் ஊரைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் போடும் காபி சரியாக வரவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது கிரைண்டரில்தான். அதற்கு முன்னால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எந்த நாடு, அதில் எந்த வட்டாரம், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர், பழத்தை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்ற நான்கு விவரமும் நல்ல ரோஸ்டர்களின், அதாவது கொட்டையை வறுத்து விற்பவர்களின், பாக்கெட்டில் இருக்கும். எத்தியோப்பியக் கொட்டை புளித்தால் ஒரு வைத்தியம், சிக்கமகளூர்க் கொட்டை புளித்தால் வேறு வைத்தியம். சுமத்ராவில் குணமாக இருக்கும் வாடை, கென்யாவில் வந்தால் பழுது. ஊர் தெரியாமல் அரைவையை மாற்றிக்கொண்டே இருந்தால் பாக்கெட்தான் காலியாகும்.

தொடங்குவதற்கு ஓர் அளவு வேண்டும். பேப்பர் ஃபில்டரில் 15 கிராம் பொடி, 240 மில்லி தண்ணீர், 93 டிகிரி சூடு, மொத்தம் 3 நிமிடம். கீழே சொல்லும் மாற்றங்கள் எல்லாம் இந்த அளவிலிருந்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூடு, அரைவை இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

புளிப்பு பல்லைக் கூச வைக்கிறது

முதல் சோதனை நாக்கில். நல்ல புளிப்பு இனிப்போடு சேர்ந்தே வரும், விழுங்கிய பிறகும் எலுமிச்சைத் தோல், ஆரஞ்சு மாதிரி ஒரு வாசம் வாயில் நிற்கும். கெட்ட புளிப்பு நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று குத்தும், லேசாக உப்புக் கரிக்கும், விழுங்கியதும் சுவடில்லாமல் போய்விடும். முதல் வகை கொட்டையின் குணம். அதை மாற்றப் போகாதீர்கள். பணம் கொடுத்து வாங்கியதே அதற்காகத்தான். இரண்டாவது வகை என்றால், பொடியிலிருந்து சாறு முழுதாக இறங்கவில்லை என்று அர்த்தம்.

இந்தக் கோளாறு அதிகம் வருவது உயரத்தில் விளைந்த கொட்டைகளில். எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே, குஜி, கென்யாவின் நியேரி, கொலம்பியாவின் நரீன்யோ எல்லாம் பெரும்பாலும் 1,700 மீட்டரைத் தாண்டும். சில தோட்டங்கள் 2,000 மீட்டருக்கும் மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். அந்தக் குளிரில் பழம் நிதானமாகப் பழுக்கிறது, கொட்டை இறுகிக் கெட்டிப்படுகிறது. கெட்டியான கொட்டைக்குள் தண்ணீர் புகுந்து சாற்றை இழுத்துவரச் சூடும் நேரமும் கூடுதலாக வேண்டும். பழைய அரிசிக்கும் புது அரிசிக்கும் ஒரே உலை வைக்க முடியாது, இதுவும் அப்படித்தான். போதாக்குறைக்கு இந்தக் கொட்டைகளை லேசாகத்தான் வறுப்பார்கள். லேசாக வறுத்தது கரைவதும் மெதுவாகத்தான்.

எனவே முதலில் சூட்டை ஏற்றுங்கள். 96 டிகிரி, அல்லது கொதி அடங்கியதும் நேராக ஊற்றுங்கள். பேப்பர் ஃபில்டரைத் தாங்கும் கூம்பு, அதாவது டிரிப்பர், பீங்கான் என்றால் வெந்நீர் விட்டு நன்றாகச் சூடேற்றிக்கொள்ளுங்கள். சில்லென்ற பீங்கான் கண்ணுக்குத் தெரியாமல் சில டிகிரியை விழுங்கிவிடும். பொடி நனையும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு 45 விநாடி காத்திருங்கள். அப்போதும் குத்தினால் அரைவையை ஒரு படி நைசாக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தண்ணீரை 255 மில்லியாக்கிப் பாருங்கள்.

மலை ஊர்களில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உதகையில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொடைக்கானலிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 96 என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. அரைவையை நைசாக்கி நேரத்தைக் கூட்டுவதுதான் வழி. இல்லையென்றால் டிரிப்பரை விட்டுவிட்டு, பொடி தண்ணீரிலேயே ஊறும் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸுக்கு மாறி 6, 7 நிமிடம் ஊறவிடுங்கள்.

உயரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யவும் கூடாது. 1,100 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அது நிலநடுக்கோட்டிலா, அங்கிருந்து 20 டிகிரி தள்ளியா என்பது முக்கியம். ஹவாய் தீவின் கோனா காபி 900 மீட்டருக்குக் கீழேதான் விளைகிறது. நிலநடுக்கோட்டிலிருந்து தள்ளி இருப்பதாலும் மதியமானால் மேகம் மூடிக்கொள்வதாலும் அந்த உயரமே அதற்குப் போதுமான குளிர்ச்சி. பிரேசிலும் அப்படித்தான்.

சரி, புளிப்பது சிக்கமகளூர், குடகு, ஏற்காட்டுக் கொட்டை என்றால்? இங்கே யோசனை மாற வேண்டும். நம் பக்கம் பரவலாக இருக்கும் செலெக்‌ஷன் 795 ரகம் இயல்பிலேயே புளிப்பு குறைந்தது. சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே விளைவது. சாக்லேட், மசாலா வாசம்தான் அதன் பலம். அது பல்லைக் கூசவைத்தால் சூட்டைத் தொடாமல் முதலில் அரைவையை நைசாக்குங்கள். புளிப்போடு பச்சை வேர்க்கடலை, பச்சைப்புல் வாடையும் வந்தால் வறுவலில் உள் வரைக்கும் வேகவில்லை என்று பொருள். அதை வீட்டில் எப்படிக் காய்ச்சினாலும் சரிவராது. ரோஸ்டரிடம் சொல்லுங்கள்.

கென்யாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 1930களில் அங்கே ஸ்காட் வேளாண் ஆய்வுக்கூடத்தில் தேர்ந்தெடுத்த எஸ்.எல்.28, எஸ்.எல்.34 ரகங்கள்தான் அந்த நாட்டின் கையெழுத்து. பாக்கெட்டில் பிளாக் கரண்ட் என்று போட்டிருப்பார்கள். நம் நாக்கு அதை நாவல்பழம், பன்னீர் திராட்சை என்றுதான் பிடிக்கும். சில சமயம் தக்காளி வாசமும் உண்டு. முதல் தடவை குடிப்பவர்கள் இதைக் கெட்டுப்போனது என்று நினைத்துக் கொட்டிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஆற விட்டுக் குடியுங்கள். சூடு குறையக் குறையத்தான் அதன் இனிப்பு மேலே வரும்.

தண்ணீர் இறங்காமல் தேங்கி நிற்கிறது

4, 5 நிமிடம் ஆகியும் டிரிப்பரில் குளம் கட்டி நிற்கிறதா? பாக்கெட்டில் எத்தியோப்பியா என்று இருக்கும் என்று பந்தயம் கட்டலாம். அந்த நாட்டுக் கொட்டைகள் சிறியவை, இறுகியவை. அரைக்கும்போது மாவு போன்ற தூள் அதிகம் விழும். அந்தத் தூள் பேப்பரின் அடியில் போய் அடைத்துக்கொள்ளும். எல்லாம் வடிந்த பிறகு பேப்பரைப் பாருங்கள். உள்பக்கம் முழுக்கச் சேறு பூசினாற்போல வழவழவென்று ஒட்டியிருந்தால் இதுதான் காரணம். இப்படி அடைத்துக்கொண்ட கோப்பையில் புளிப்பும் இருக்கும், நாக்கை வரளச் செய்யும் கசப்பும் இருக்கும். எந்தப் பக்கம் திருத்துவது என்றே புரியாது.

அரைவையை இரண்டு படி கொரகொரப்பாக்குங்கள், சூட்டைக் குறைக்காதீர்கள். ஐந்து தடவையாக ஊற்றுவதை இரண்டாகக் குறையுங்கள். கெட்டிலைத் தாழ்வாகப் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். கரண்டி விட்டுக் கலக்குவது, டிரிப்பரைச் சுழற்றுவது எல்லாம் வேண்டாம். பிரேசில் கொட்டைக்கு 3 நிமிடத்தில் இறங்கியது என்று இதற்கும் அதே நேரத்தை எதிர்பார்க்காதீர்கள். 3 நிமிடம் 45 விநாடி ஆகியும் சுவை நன்றாக இருந்தால் கடிகாரத்தை மறந்துவிடலாம்.

கசப்பும் சாம்பல் வாடையும்

மேலே சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம் இது. பிரேசிலின் செராடோ, தெற்கு மினாஸ் வட்டாரங்கள் பெரும்பாலும் 800 முதல் 1,300 மீட்டருக்குள். கொட்டை அவ்வளவு இறுக்கமில்லை, சாறு சுலபமாக இறங்கும், புளிப்பு குறைவு. பெரும்பாலும் பழத்தோடு காயவைத்தது. எத்தியோப்பியாவுக்கு வைத்த 96 டிகிரியை இதற்கு வைத்தால் வேர்க்கடலையும் சாக்லேட்டுமாக வர வேண்டியது கருகின வாடையோடு வரும். 89, 90 டிகிரிக்கு இறக்குங்கள், அரைவையைக் கொஞ்சம் கொரகொரப்பாக்குங்கள், இரண்டரை நிமிடத்தில் முடியுங்கள். நிறம் வெளுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம்.

வயநாட்டு ரொபஸ்டாவுக்கும் இதே வழி. அராபிகா என்ற இன்னொரு காபி இனத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபின் அதில் உண்டு, கசப்பு பிறவியிலேயே கொஞ்சம் இருக்கும். கழுவிப் பதப்படுத்திய பார்ச்மென்ட் ரொபஸ்டா என்றால் கசப்புக்குள் ஒரு தானிய இனிப்பும் தெரியும். பொடியை 13 கிராமாகக் குறைத்துப் பாருங்கள்.

கசப்போடு டிங்சர் அயோடின் மாதிரி மருந்து நெடி வந்தால் அது காய்ச்சியதில் வந்த கோளாறு இல்லை. பிரேசில் வணிகத்தில் அதற்கு ரியோ என்றே பெயர். பழத்திலோ உலர்த்தும் இடத்திலோ வந்த பழுது. பாக்கெட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் சப்பென்று இருக்கிறது

கென்யா வாங்கினீர்கள், வறுத்து இரண்டு வாரம்தான் ஆகிறது, அரைவை சரி, சூடு சரி. ஆனால் கோப்பையில் பழமும் இல்லை, பூவும் இல்லை, தட்டையாக ஏதோ ஒன்று. தமிழ்நாட்டில் இந்தப் புகார் வந்தால் நான் கொட்டையைச் சந்தேகிக்க மாட்டேன். தண்ணீரைத்தான் சந்தேகிப்பேன்.

கெட்டிலின் உள்ளே பாருங்கள். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. போர்த் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அதன் வேலையே புளிப்பை அமுக்குவது. மலை உச்சியில் மாதக்கணக்கில் நிதானமாகப் பழுத்துச் சேர்த்த அமிலம் முழுவதையும் அது கோப்பையிலேயே தின்றுவிடும். பிரேசில், சுமத்ரா, நம்மூர்க் கொட்டைகளில் இழப்பதற்குப் புளிப்பு அதிகம் இல்லை, அதனால் அவை அந்தத் தண்ணீரிலும் ஒப்பேறிவிடும். கென்யாவும் எத்தியோப்பியாவும்தான் செத்துப்போகும். ஒரே வீட்டில் ஒரு பாக்கெட் நன்றாகவும் இன்னொன்று மோசமாகவும் வருவதற்கு இதுவே பல தடவை காரணம்.

இதற்குப் பயந்து ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினால் வேறு தொல்லை. உப்பே இல்லாத தண்ணீரில் புளிப்பைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இருக்காது. காபி மெலிந்து, கூராகக் குத்தும். ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் சொல்லும் இலக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் கரைந்த உப்பு, அதில் காரத்தன்மை, அதாவது பைகார்பனேட் தரும் புளிப்பை அமுக்கும் திறன், 40 மில்லிகிராம் அளவு. கையில் பிடிக்கும் டி.டி.எஸ். மீட்டர் மொத்தக் கணக்கைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. காரத்தன்மையைத் தெரிந்துகொள்ள மீன் தொட்டிக் கடையில் விற்கும் கே.ஹெச். சொட்டுச் சோதனை போதும். பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம் காரத்தன்மை. 2, 3 சொட்டிலேயே நிறம் மாறினால் காபிக்கு ஏற்ற தண்ணீர். 12, 15 சொட்டு குடித்த பிறகும் மாறவில்லை என்றால் கென்யா வாங்கிய காசு வீண்.

வழி சுலபம்தான். ஆர்.ஓ. தண்ணீரில் குழாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 2, 3 சொட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆர்.ஓ. இல்லாத வீட்டில் தண்ணீரை 10 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக வடித்து எடுங்கள். கொதிக்கும்போது பைகார்பனேட்டின் ஒரு பகுதி சுண்ணாம்பாகக் கீழே படிந்துவிடும். முழுத் தீர்வு இல்லைதான், ஆனாலும் வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். எதுவும் செய்ய நேரமில்லை என்றால் ஒரே கொட்டையைக் குழாய்த் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக் குடித்துப் பாருங்கள். கோளாறு தண்ணீரிலா இல்லையா என்று அந்த இரண்டு கோப்பை சொல்லிவிடும்.

மண்வாடை அடிக்கிறது

பாக்கெட்டில் சுமத்ரா, காயோ, லிந்தோங், மண்டேலிங் என்று இருந்தால் பதறாதீர்கள். அங்கே மழை ஓய்வதே அரிது. மற்ற நாடுகளில் ஈரப்பதம் 11, 12 சதவீதத்துக்கு வரும்வரை கொட்டையை ஒட்டிய தோலோடு காயவைத்து, அதற்கப்புறம் தோலை உரிப்பார்கள். சுமத்ராவில் 30 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும்போதே உரித்து, வெற்றுக் கொட்டையாகக் காயவைப்பார்கள். கிலிங் பாசா என்று அதற்குப் பெயர். வறுக்காத கொட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு நீலப்பச்சை நிறம் இருக்கும். புதுமழை மண், தேவதாரு மரம், மூலிகை வாசமெல்லாம் அந்த முறையிலிருந்து வருபவை. 91 டிகிரி, கொரகொரப்பான அரைவை, ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் 4 நிமிடம் என்று வைத்தால் அந்தக் கனம் அழகாக நிற்கும். மண்வாசம் அதிகம் என்று தோன்றினால் பேப்பர் ஃபில்டருக்கு மாறுங்கள், எண்ணெய்ப் பசையைப் பேப்பர் பிடித்துக்கொள்ளும்.

மான்சூன்ட் மலபாரும் இப்படித்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மங்களூர்ப் பக்கத்துக் கிடங்குகளில் பருவக்காற்று படும்படி பரப்பிவைத்து, கொட்டையை உப்பி வெளுக்கவிடுவார்கள். புளிப்பு ஏறக்குறைய போய்விடும். பாய்மரக் கப்பலில் ஐரோப்பா போய்ச் சேர மாதங்கள் ஆன காலத்தில் தானாக நடந்ததை இப்போது வேண்டுமென்றே செய்கிறார்கள். கொட்டை உப்பியிருப்பதால் தண்ணீர் சட்டென்று உள்ளே போகும். 88, 90 டிகிரி போதும்.

ஆனால் மூடிவைத்த பழைய சாக்கு, பூஞ்சை, ஈரத்துணி வாடை என்றால் அது எந்த ஊராக இருந்தாலும் பழுதுதான். கழுவிப் பதப்படுத்திய கொலம்பியாவிலோ கென்யாவிலோ லேசான மண்வாடையைக்கூட ஏற்காதீர்கள்.

பச்சை உருளைக்கிழங்கு வாடை

ருவாண்டா, புருண்டி காபி வாங்குபவர்களுக்கு மட்டும். ஒன்பது கோப்பை அற்புதமாக வரும், பத்தாவதில் திடீரென்று உருளைக்கிழங்குத் தோல் சீவின வாடை. ஆன்டெஸ்டியா என்ற பூச்சி பழத்தைத் துளைப்பதோடு சம்பந்தப்பட்டது இது. பாதிக்கப்பட்ட கொட்டையில் பைரஸைன் என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. ஒரே ஒரு கொட்டை போதும், கோப்பை முழுக்க நாறும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. பச்சைக் கொட்டையில் கண்ணால் பார்த்துப் பொறுக்குவது கடினம், வறுத்த பிறகும் அடையாளம் தெரியாது. அந்த நாடுகளில் பழத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கையால் திரும்பத் திரும்பப் பொறுக்கியும் ஒன்றிரண்டு தப்பி வந்துவிடுகிறது.

சூடு, அரைவை, தண்ணீர் எதை மாற்றியும் பயனில்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் தனியாக அரையுங்கள், அரைத்ததும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். வாடை அடித்தால் தண்ணீர் ஊற்றுமுன் அந்தப் பொடியைக் கொட்டிவிடுங்கள். இன்னும் சில கிராம் கொட்டையை கிரைண்டரில் ஓட்டி அதையும் கொட்டிவிட்டு, அடுத்ததை அரையுங்கள். மொத்தமாக ஒரு வாரத்துக்கு அரைத்துவைத்தால் ஒரு கொட்டைக்காக ஒரு டப்பா போகும். இதற்குப் பயந்து ருவாண்டா காபியையே ஒதுக்காதீர்கள். அதன் ஆரஞ்சும் இனிப்பும் இழக்கக்கூடாதவை.

சாராய நெடி

பழத்தோடு காயவைத்த நேச்சுரல் வகையில் வரும். எத்தியோப்பிய நேச்சுரலில் அத்திப்பழம், பலாச்சுளை வாசம் இருக்கலாம், இருக்க வேண்டும். புளித்த கள், நெயில் பாலிஷ் என்று போனால் முதலில் பாக்கெட்டை இன்னும் ஒரு வாரம் ஆறப்போடுங்கள். வறுத்த சூட்டோடு வாங்கியதென்றால் பாதி நெடி தானாக அடங்கும். மீதிக்குச் சூட்டை 90 டிகிரியாக்கி, அரைவையைக் கொரகொரப்பாக்குங்கள்.

பால் விட்டதும் சுவை காணாமல் போகிறது, அல்லது பால் திரிகிறது

லேசாக வறுத்த யிர்காசெஃபேயைப் பித்தளை ஃபில்டரில் போட்டுப் பால் விட்டால் மல்லிகை வாசமும் போகும், காபியும் மெலிந்து நிற்கும். நம் ஃபில்டரும் பாலும் நன்றாக வறுத்த பீபெர்ரிக்கும் (பழத்துக்குள் ஒற்றையாக உருண்டு விளையும் கொட்டை) பிளான்டேஷன் ஏ என்ற தரத்துக் கழுவிய அராபிகாவுக்கும் பழகியவை. சிக்கரி இல்லாத பொடியில் டிகாக்‌ஷனும் சீக்கிரம் இறங்கிவிடும். பால்காபிதான் வேண்டும் என்றால் குடகு, பாபாபுடன்கிரி, பிரேசில், சுமத்ரா பக்கம் போங்கள். மிதமாகவோ அதற்கு மேலோ வறுத்தது, ஃபில்டருக்கு ஏற்ற நைஸ் அரைவை. எத்தியோப்பியாவைப் பால் இல்லாமல் குடியுங்கள்.

பால் திரிவது பெரும்பாலும் கென்யாவில் நடக்கும். காபியின் புளிப்பும் சூடும் சேர்ந்து, ஏற்கெனவே லேசாகப் புளிப்பேறத் தொடங்கிய பாலைத் திரித்துவிடும். காலையில் வாங்கிய பாலில் மாலையில் நடந்தால் இதுதான். புதுப் பாலைக் காய்ச்சி, கோப்பையில் பாலை முதலில் ஊற்றி, காபியை ஒரு நிமிடம் ஆறவிட்டு மெதுவாகச் சேருங்கள்.

அட்டைப் பெட்டி, மரத்தூள் சுவை

வறுத்த தேதி போன வாரம்தான், ஆனாலும் உயிரில்லை, அட்டையைச் சப்பின மாதிரி இருக்கிறது என்றால் பச்சைக் கொட்டையே பழசு. வறுத்த தேதியை மட்டும் பார்ப்பது போதாது, அறுவடை எப்போது என்றும் பார்க்க வேண்டும். எத்தியோப்பியாவில் பெரும்பாலும் அக்டோபர் முதல் ஜனவரி வரை, கென்யாவின் பெரிய அறுவடையும் ஏறக்குறைய அதே சமயம். பிரேசிலில் மே முதல் செப்டம்பர். நம் அராபிகா நவம்பரில் தொடங்கும், ரொபஸ்டா ஜனவரிக்கு மேல். பதப்படுத்தி, தரம் பிரித்து, கப்பலேறி வர இன்னும் சில மாதம் சேர்த்துக்கொள்ளுங்கள். கொலம்பியாவில் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறி வருடத்தில் இரண்டு அறுவடை உண்டு, அதனால் புதுக்கொட்டை கிடைக்காத காலம் அங்கே குறைவு.

பழசான கொட்டை கையில் மாட்டிக்கொண்டால் 95 டிகிரி வைத்து, பொடியை 17 கிராமாகக் கூட்டி, பால் சேர்த்துக் குடித்துத் தீர்த்துவிடுங்கள். கறுப்பாகக் குடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த தடவை அறுவடை மாதம் போடாத பாக்கெட் என்றால், கடையில் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.